செவ்வாய்க்கிழமை எரியும் விளக்கு

மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்தது.

புனிதா வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டாள். ஐந்து வாரமாக இதே கூத்து. திங்கட்கிழமை சமர்த்தாக ஓடும் வேன், செவ்வாய்க்கிழமை காலையில் செலண்டார் மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தப் பாழாய்ப்போன என்ஜின் விளக்கைக் காட்டும். அப்புறம் ஒரே பெட்ரோல் நாற்றம், கறுப்புப் புகை. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு முறைத்துவிட்டுப் போவான்.

பன்னிரண்டு பிள்ளைகளையும் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் காதில் விழாத தூரம் வந்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வந்துட்டா பாருங்க மேடம். சொன்னேன்ல? செவ்வாக்கிழமன்னா தவறவே மாட்டா."

பக்கத்து இருக்கையில் இருந்த றெஜினா தலையை மட்டும் ஆட்டினார். காட்டன் சேலை, வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, மடியில் ஒரு சின்ன நோட்டு. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்தெட்டு வருஷம், எது நிஜ விபத்து எது நாடகம் என்று பிரித்துப் பிரித்துப் பார்த்தவர். ரிட்டயர் ஆனதும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல் தெங்கேராவில் ஒரு மாடி அறையில் துப்பறியும் ஆபீஸ் போட்டுவிட்டார். காணாமல் போன ஆட்களைத் தேடுகிறவரிடம் காணாமல் போகாத ஒரு கோளாறைக் கொண்டுவந்த முதல் ஆள் புனிதாதான்.

பின்சீட்டில், பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தவன் திலீபன். றெஜினாவின் உதவியாளன். அதற்கு முன்னால் இழுவை லாரி ஓட்டியவன்.

"பாஸ், இந்த வேனுக்கு செவ்வா தோஷம் லா" என்றான்.

"பரிகாரம்?" என்றார் றெஜினா.

"இன்னொரு செவ்வா தோஷம் புடிச்ச வேனாப் பாத்துக் கட்டி வெக்கணும். ஜோடியா புகைஞ்சுகிட்டுப் போகும்."

வேறு நேரமாக இருந்தால் புனிதா சிரித்திருப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வண்டிப் பரிசோதனையில் வேன் இரண்டு தடவை புகையில் விழுந்துவிட்டது. மூன்றாவது தடவை நாளை மறுநாள், வியாழன் காலை பத்து மணிக்கு. வெள்ளிக்கிழமைக்குள் பாஸ் சீட்டைக் காட்டாவிட்டால், திங்கள் முதல் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் இந்த லைன் குகனுக்குப் போய்விடும் என்று ஹெட்மாஸ்டர் கடிதமே கொடுத்துவிட்டார். பாச்சாங் ஊர்க் குகன் புது வேன் வாங்கி வைத்துக்கொண்டு, வாய் நிறையப் பல்லோடு காத்திருக்கிறான்.

ஒன்பது வருஷம் ஓட்டிய லைன் இது. அதற்கு முன்னால் அவள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு தடவை விழுந்து, மூன்றாவது தடவை பாஸ் பண்ணி, இந்தப் பழைய வேனின் சாவியை முதலில் கையில் வாங்கிய அன்றைக்குத் தோட்டமே வாசலுக்கு வந்து பார்த்தது. அன்றிலிருந்து அவள் யார் மகள், யார் பெண்டாட்டி என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. வேன்காரம்மா. அவ்வளவுதான். லைன் போனால் அந்தப் பெயரும் போய்விடும்.

ஒரு சாப்பாட்டுக் கடை ஓரத்தில் வேனை நிறுத்தச் சொன்னார் றெஜினா. திலீபன் முன்னால் குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே தீப்பெட்டி அளவு கருவி ஒன்றைச் சொருகிவிட்டு, போனைப் பார்த்தான்.

"சென்சார் செத்துப் போச்சுன்னு சொல்லுது பாஸ். புகைய மோந்து பாத்து, பெட்ரோல் கூடுதல், கொறச்சல்னு என்ஜினுக்குச் சொல்லுமே, அந்தச் சென்சார். வேனுக்கு மூக்கடைப்பு."

"அத மாத்தியாச்சு தம்பி!" புனிதா வெடித்தாள். "மொத தடவ பெயிலானப்பவே தெங்கேரால நகுலன் அண்ணன் புதுசு போட்டாரு. ஒரே வாரம். மறுபடி விளக்கு, மறுபடி பெயிலு. நானும் விடல, கடைக்கே போய் நாலு பேரு முன்னாடி கேட்டுட்டேன். பழசையே தொடச்சு மாட்டிட்டு என்னய ஏமாத்துறீங்களான்னு. அன்னிலேர்ந்து பேச்சு வார்த்தை இல்ல."

"அப்ப இந்த அஞ்சு வாரமா வண்டிய யார் பாக்கிறது?" றெஜினா கேட்டார்.

"அவருதான். நகுலன் அண்ணன்தான். இந்த மாடலுக்கு வேற யாரு இருக்கா? ஆனா நான் போறதில்ல மேடம். எங்க வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழம மத்தியானம் கொண்டு போவாரு. ‘நீ வந்தா சண்ட போடுவ, நான் பக்குவமா பேசிக்கிறேன்’னு சொல்லிட்டாரு."

வீட்டுக்காரர் என்று சொல்லும்போதே அவள் குரல் கொஞ்சம் இளகியது. தர்மேந்திரன் செம்பனை எண்ணெய் மில்லில் ஃபிட்டர். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். அவள் வேனுக்கடியில் படுத்துக்கொண்டு அழுத நாளில் டார்ச் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன். துப்பறிய ஆள் வைத்ததைக்கூட அவனிடம் அவள் சொல்லவில்லை. பாவம், இருக்கிற கவலை போதும் அவனுக்கு.

"இந்தக் குட்டி ஃபேன் கூட அவரு ரிப்பேர் பண்ணதுதான்" என்று டேஷ்போர்டைக் காட்டினாள். பிளாஸ்டிக் காற்றாடியின் நடுவில் சின்னதாக ஒரு குங்குமப் பொட்டு.

"ஃபேனுக்குப் பொட்டா? பொண்ணு பாக்க வராங்களா அக்கா?" என்றான் திலீபன்.

றெஜினா அதற்குச் சிரிக்கவில்லை. அவர் கண் காற்றாடிக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரத்தில் நின்றது. மூன்று பத்து என்று காட்டியது. அவர் கைக்கடிகாரத்தில் மணி ஒன்பது இருபத்தைந்து.

"இது எப்பவும் இப்படியா?"

"அது கெட்டுப்போச்சு மேடம். சரி பண்ணி வெப்பேன், ரெண்டு நாள் ஓடும், அப்புறம் தப்பாக் காட்டும். ரேடியோவும் அப்படித்தான், ஸ்டேஷனெல்லாம் மறந்துடும். வயசாச்சுல்ல?"

"கடைசியா எப்ப சரி பண்ணினீங்க?"

"போன வியாழக்கிழம."

திலீபன் நிமிர்ந்தான். கிண்டல் முகத்தில் கொஞ்சம் குறைந்தது.

"கெட்டுப்போகல அக்கா. யாரோ பேட்டரி ஒயரக் கழட்டி மாட்டியிருக்காங்க. இந்த மாடல்ல கரண்டு போய் வந்தா கடிகாரம் ஒரு மணியிலேர்ந்து ஆரம்பிக்கும். ரேடியோ எல்லாத்தையும் மறந்துடும். விளக்கும் அணைஞ்சுடும். நோய் போகாது, காய்ச்சல் மட்டும் எறங்கும்."

"அப்புறம் ஏன் செவ்வாக்கிழம மட்டும் எரியுது?"

"கம்ப்யூட்டர் ஒரு தடவ பாத்து நம்பாது. ராத்திரி பூரா ஆறின என்ஜின காலையில ஸ்டார்ட் பண்றப்பதான் இந்தச் சோதனைய பண்ணும். திங்கக்கிழம காலைல சந்தேகம். செவ்வாக்கிழம காலைல முடிவு. நம்ம பாஸ் மாதிரி."

றெஜினா நோட்டில் இரண்டு வரி எழுதினார். கணக்கு டீச்சருக்கு முன்னால் நிற்கும் பிள்ளை மாதிரி புனிதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடிகாரம் ஒரு மணியில தொடங்கி இப்ப மூணு பத்து. ரெண்டு மணி பத்து நிமிஷம் ஓடியிருக்கு, இல்லாட்டி அதோட பன்னிரண்டு மணி நேரக் கணக்கில கூட்டிக்கொண்டே போகலாம். அப்ப பேட்டரியைத் திரும்ப மாட்டினது ஏழேகால். காலையோ மாலையோ ஒரு ஏழேகால். திலீபன், விளக்கை அழிச்சதுக்குப் பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?"

"அறுபத்தொன்பது கிலோமீட்டர்னு கருவி காட்டுது பாஸ்."

"புனிதா, உங்கட ஒரு ட்ரிப் எவ்வளவு?"

"இருபத்து மூணு. நேத்து ரெண்டு ட்ரிப்பு, இன்னிக்குக் காலைல ஒன்னு..." அவள் மனக்கணக்கில் சட்டென்று நின்றாள். "அறுபத்தொன்பது."

"ஓம். ஞாயிற்றுக்கிழமை தெங்கேராவுக்குப் போய் வந்த தூரம் அதுக்குள்ள இல்லை. அதாவது, வண்டி வீடு திரும்பின பிறகுதான் பேட்டரியைக் கழட்டியிருக்கு. ஞாயிறு மாலை ஏழேகால். அந்த நேரம் வேன் எங்க நின்றது?"

"எங்க வீட்டு வாசல்ல."

"நீங்க?"

"கோயில்ல. ஞாயித்துக்கிழம ஏழுலேர்ந்து எட்டு மணி வரைக்கும் பஜனை. ஒரு வாரமும் விடமாட்டேன்." புனிதாவின் கண் விரிந்தது. "ஐயோ! குகனோட மாமியார் வீடு எங்க வரிசையிலதான் மேடம், நாலாவது வீடு! ஞாயித்துக்கிழமன்னா அங்கதான் கெடப்பான். படுபாவி, எங்க வீட்டு வாசல்லயே வந்து..."

"நாய் இருக்கா?" என்று கேட்டார் றெஜினா.

"ரெண்டு இருக்கு."

"குகனைக் கண்டா குரைக்குமா?"

"அவன் நெழலப் பாத்தாலே ஊரக் கூட்டிடும்."

றெஜினா நோட்டை மூடினார். "முதல்ல தெங்கேராவுக்குப் போவோம். நீங்க திட்டின மனுஷனை நான் பாக்கவேணும்."

"அவரையா? நான் வரமாட்டேன்."

"வண்டி உங்கட. நீங்க வராட்டி நாங்க பஸ்ஸிலதான் போகவேணும்."

"எனக்கு பஸ்ல வாந்தி வரும் அக்கா" என்றான் திலீபன்.

*

நகுலனின் பட்டறை தெங்கேராவில் ஒரு சந்துக்குள் இருந்தது. சுவரில் மாதா படம், அதற்குக் கீழே வரிசையாக ஸ்பேனர்கள். வேன் உள்ளே நுழைந்ததும் நகுலன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அறுபது வயது இருக்கும். யாழ்ப்பாணத்துப் பரம்பரை, அரசாங்க வேலைக்குப் போன அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் கிரீஸைத் தேடி வந்தவர். புனிதாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவளும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை.

றெஜினா நேராக விஷயத்துக்கு வந்தார். "ஞாயிற்றுக்கிழமை இந்த வண்டிக்கு என்ன செய்தீங்கள்?"

"எந்த ஞாயிறு?"

"போன ஞாயிறு. அதுக்கு முந்தின ஞாயிறு. அஞ்சு ஞாயிறு."

நகுலன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, என்ர மகளுக்குப் பிள்ளை பிறந்து அஞ்சு வாரம். சனி மத்தியானம் கடையைப் பூட்டினால் திங்கள் காலைதான் திறக்கிறது. ஞாயிறெல்லாம் நான் சிரம்பானில பேரனோட. இந்தச் சந்தில யாரை வேணுமெண்டாலும் கேளுங்கோ."

புனிதா கதவைத் திறந்துகொண்டு குதித்தாள். "பொய் சொல்லாதீங்க அண்ணே! என் வீட்டுக்காரர் வாரா வாரம் இங்க கொண்டுவராரு. மூணு மணி நேரம் உங்களோட நின்னுட்டு வராரு. போன வாரம்கூட நீங்க ஏதோ பைப்ப மாத்தணும்னு சொன்னீங்களாம்..."

"தங்கச்சி." அவர் குரல் உயரவில்லை. "நீ என்னைத் திருடன் எண்டு சொல்லிப் போன நாளுக்குப் பிறகு உன்ர புருஷனை நான் கண்ணால காணேல்ல."

சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பக்கத்துக் கடையில் யாரோ வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்கள். புனிதா இவர் பொய் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தாள். அது நிற்கவில்லை. சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பிள்ளையின் போட்டோ புதிதாக ஒட்டியிருந்தது. பேரன் பிறந்த சேதி எதுவும் அவளுக்கு வரவில்லை. வாராவாரம் வந்துபோனதாகச் சொன்ன மனுஷன் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டானா?

"நீங்க மாத்தின சென்சாரைக் கொஞ்சம் பாக்கேலுமா?" என்றார் றெஜினா.

நகுலன் டார்ச்சோடு வேனுக்கடியில் படுத்தார். திலீபனும் அவர் பக்கத்தில் நுழைந்தான். சற்று நேரம் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"இது நான் போட்டது இல்லை" என்று குரல் வந்தது. "நான் புதுச் சாமான் போட்டால் வெள்ளைப் பெயின்றால தேதி எழுதாமல் விடமாட்டன். நாளைக்கு ஒருத்தரும் கேள்வி கேக்கக்கூடாதெண்டு. இதில ஒண்டும் இல்லை. இது நான் கழட்டின பழசு."

"கழட்டினதை என்ன செய்தீங்கள்?" றெஜினா கேட்டார்.

"வழக்கம்போல. பழசைப் புதுசின்ர பெட்டியில போட்டு, மாத்தினதுக்குச் சாட்சியா இவவின்ர கையில குடுத்தனான்."

"ஆமா" என்றாள் புனிதா மெதுவாக. எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் கொடுப்பார்கள். வாங்கிய யாரும் அந்தப் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. அவளும் பார்க்கவில்லை. சமையலறை அலமாரியில், பழைய டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தாள். அந்த அலமாரிக்குக் குகன் வரமுடியாது. நாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரமுடியாது.

"ஒரு அடையாளம் இருக்கு பாஸ்" என்றான் திலீபன் அடியிலிருந்து. "வெள்ளை இல்ல. செவப்பு."

அவன் வெளியே வந்து போனை நீட்டினான். சென்சாரின் ஒயர் முடியும் இடத்தில், சூடு படாத பிளாஸ்டிக் சொருகியில், எண்ணெய் அழுக்குக்கு நடுவில், காய்ந்துபோன ஒரு குங்குமப் பொட்டு. மோதிர விரலால் வைத்த, வட்டம் பிசகாத பொட்டு.

"என்ர கடையில குங்குமம் ஏது?" என்றார் நகுலன்.

திலீபன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், புனிதாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

மில்லில் ஒரு பம்பைத் திறந்தாலும் சரி, வீட்டில் ஒரு மிக்ஸியைத் திறந்தாலும் சரி, மூடும்போது பொட்டு வைத்துக் கும்பிடாமல் தர்மேந்திரன் எழுந்திருக்க மாட்டான். வாஷிங் மெஷினில் ஒன்று இருக்கிறது. தையல் மெஷினில் இரண்டு. மில்லில் எல்லாரும் கேலி செய்வார்கள், அவள் மட்டும் பெருமையாகச் சொல்வாள், எங்க வீட்டுக்காரர் எதையும் சாமி கும்பிடாம தொடமாட்டாருன்னு. பாவி மனுஷன், கெடுக்கிற கைக்கும் அதே பழக்கம்.

அவள் நகுலன் முன்னால் போய் நின்றாள். "அண்ணே" என்றாள். கை மட்டும் கூப்பிக்கொண்டது.

"விடு தங்கச்சி" என்றார் அவர். குரல் கரகரத்தது. "எனக்கு அண்டைக்கு முழுக்கச் சோறு இறங்கேல்ல, அது உண்மைதான். இப்ப அதைப் பேசி என்ன? அந்தப் புதுச் சென்சாரைத் தேடு. என்னட்டை இருந்தது அது ஒண்டுதான், இந்த மாடலுக்கு இப்ப சொன்னாலும் வந்து சேர ரெண்டு கிழமை ஆகும். வியாழனுக்குள்ள அது கிடைச்சாத்தான் வண்டி."

*

திரும்பும் வழியில் புனிதாதான் ஓட்டினாள். றெஜினா ஒரு தடவை, "நான் ஓட்டவா பிள்ளை?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டாள். கண்ணீர் வந்தால் துடைக்க ஒரு கை போதும்.

தர்மேந்திரனுக்கு மதிய ஷிப்ட். மில் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தான். நாய்கள் இரண்டும் அவன் காலடியில் படுத்திருந்தன. வேனைப் பார்த்ததும் நிமிர்ந்தான்.

"என்னம்மா இந்நேரத்துல? மறுபடி எரியுதா?"

அதே கவலை முகம். அந்த முகத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. றெஜினாவையும் திலீபனையும் வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

"ஆமாங்க, எரியுது. ஞாயித்துக்கிழம நகுலன் அண்ணன் என்னா சொன்னாரு?"

"சொன்னேன்ல, ஏதோ பைப்புன்னாரு. அந்தாள நம்பாதன்னு நான் அப்பவே..."

"அண்ணன் சிரம்பான்ல பேரப்புள்ளைய கொஞ்சிகிட்டு இருந்தாரு."

அவன் கை நாடாவோடு அப்படியே நின்றது.

"ஞாயித்துக்கிழம எங்க போவீங்க?"

"பாச்சாங்ல... ஒரு கடையில உக்காந்து தேத்தண்ணி குடிப்பேன்" என்றான். கேட்டதும் சொல்லிவிட்டான், பொய்யையே சுமந்து களைத்தவன் மாதிரி.

"சென்சார் எங்க?"

"எந்தச் சென்..."

"வேணாங்க. இன்னொரு பொய் சொன்னா நான் தாங்கமாட்டேன்."

அவன் உள்ளே போனான். அவளும் போனாள். சாமி மேடையில் முனியாண்டி படத்துக்குப் பின்னாலிருந்து மஞ்சள் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்தான். பிரித்தாள். வெள்ளைப் பெயின்ட் தேதியோடு, துடைத்து வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. அதை வீசி எறிய அவனுக்குப் பயம், திரும்ப மாட்டவும் மனசில்லை. முனியாண்டியையே காவல் வைத்துவிட்டான்!

"ஏங்க?" என்றாள். அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

"நீதான சொன்ன." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மொத தடவ பெயிலான அன்னிக்கு. ‘பேசாம இத வித்துட்டு உங்க அண்ணன்கிட்ட கிள்ளானுக்கே போயிடலாங்க’ன்னு சொன்ன. அங்க எனக்கு வேல இருக்கு, வீடு இருக்கு. நான் ஒரு தடவ கேட்டதுக்கு வேன் இருக்குல்லன்னுட்ட. அதுக்கப்புறம் எத்தன வருசம் வாயத் தொறந்தேன்? நீயா சொன்ன அன்னிக்குத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. மறுநாளு நகுலன் புதுசு போட்டாரு, விளக்கு அணைஞ்சுது. நீயும் மறந்துட்ட."

"அழுதுகிட்டு சொன்னேங்க."

"தெரியும். இன்னொரு தடவ அழுதா, நீ இன்னொரு தடவ சொல்லுவன்னு..."

சொல்லி முடிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டவன் மாதிரி நிறுத்திவிட்டான்.

புனிதா அவன் முன்னால் வந்து நின்றாள். "அழுதேனே! அஞ்சு வாரமா அழுதேனே! பக்கத்துல உக்காந்து டார்ச் புடிச்சீங்களே! தலையத் தடவிக் குடுத்து, நான் இருக்கேன்லன்னு சொன்னீங்களே!"

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்ப."

"ஆமா, சொல்லியிருப்பேன்! நீங்க சண்ட போட்டிருக்கலாம். கோவிச்சுகிட்டு ஒரு வாரம் சாப்புடாம கெடந்திருக்கலாம். உங்க அண்ணன வரவெச்சு பஞ்சாயத்து பண்ணியிருக்கலாம். அதெல்லாம் புருஷன் பண்றதுங்க, நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். இத என்னா பண்றது? இதுக்கு நான் எப்படிக் கத்துறது?" அவள் மஞ்சள் துணியை அவன் கையில் திணித்தாள். சாமானை மட்டும் வைத்துக்கொண்டாள். "நல்ல மனுஷன ஊரு முன்னாடி திருடன்னு சொன்னேன். நீங்க பக்கத்துலயே நின்னு கேட்டுகிட்டு இருந்தீங்க. என் வாயத்தான உங்களுக்குப் புடிக்கும்னு சொல்வீங்க? அத என்னா வேலைக்கு வெச்சீங்க பாத்தீங்களா?"

அவன் அழுதான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். எப்போதும் செய்வது போல முந்தானையை எடுத்து நீட்டக் கை போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். றெஜினா நோட்டைப் பைக்குள் போட்டார். அவர் கண்டுபிடித்த விஷயத்துக்காக அவரே வருத்தப்படுவது போலிருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது மேடம்?"

"நாய் ரெண்டு இருக்கெண்டு நீங்க சொன்னப்ப. அதுகள் குரைக்காம விடுறது வீட்டு ஆளைத்தான். ஆனா அதை என்ர வாயால சொன்னா நீங்க நம்பமாட்டீங்கள். என்னோட சண்டைக்கு வந்திருப்பீங்கள்."

"வந்திருப்பேன்" என்றாள் புனிதா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மணி கேட்டாள். பன்னிரண்டே முக்கால். "புள்ளைங்க விடுற நேரம். உங்கள பஸ் ஸ்டாண்டுல விட்டுடறேன்."

"வேணாம் அக்கா" என்றான் திலீபன். "புள்ளைங்களோடயே வரோம். எனக்குத்தான் பஸ்ல வாந்தி வருமே."

*

புதன்கிழமை நகுலன் தன் சென்சாரைத் தன் கையாலேயே மாட்டினார். வியாழன் பத்து மணிக்கு வேன் வரிசையில் நின்றது. உள்ளே ஒருவர் புகைக்குழாயில் கம்பியைச் சொருகி, என்ஜினை உறுமவிட்டு, திரையைப் பார்த்தார். புனிதா தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்தினார்.

பாஸ்.

நகுலன் மாதாவுக்கு நன்றி சொன்னார். திலீபன் குகனின் புது வேனுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தான். றெஜினாகூட ஷூ குதிகால் எழும்ப நின்று சீட்டை எட்டிப் பார்த்தார். புனிதா அந்தச் சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தாள். திங்கட்கிழமையும் பன்னிரண்டு பிள்ளைகள் அவள் வேனில்தான் ஏறும்.

போன் அடித்தது. தர்மேந்திரன். இரண்டு நாளாக இருவரும் ஒரே வீட்டில் சுவரோடு பேசிக்கொண்டிருந்தார்கள். எடுத்தாள்.

"பாஸா?" என்றான்.

"பாஸு."

"நல்லதும்மா. எனக்கு ரொம்ப சந்தோஷம்."

குரல் தழுதழுத்தது. நிஜமாகவே சந்தோஷப்படுகிறவன் குரல்தான். இரண்டாம் தடவை பெயிலான அன்றைக்கு, ‘போனா போகுது, நான் இருக்கேன்ல’ என்று சொன்னபோதும் இப்படித்தான் தழுதழுத்தது. பத்தொன்பது வருஷமாக, அவன் தும்மினாலே இது சளியா தூசியா என்று சொல்லக்கூடியவள் அவள். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சு விடுவதையும் விடாமல் கேட்டாள். எவ்வளவு நேரம் கேட்டும் இது நிஜமா நாடகமா என்று அவளுக்குத் தெரியவில்லை.